எம லிங்கத்துல உட்கார்ந்த பையனும் நூறு வருஷ சாப்பாட்டுக் கணக்கும்

கடையைத் திறந்து ரொம்ப நாளாச்சு. பெங்களூர்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. இன்னிக்கு எழுதப்போறது கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு உட்காருங்க. சர்க்கரையை மட்டும் ஒரு ஸ்பூன் குறைச்சுக்கோங்க, ஏன்னு போகப் போகத் தெரியும் :)

போன பௌர்ணமிக்கு ஊருக்குப் போயிருந்தேன். நமக்கு சொந்த ஊர் திருவண்ணாமலை. அக்கா பையன் ஒருத்தன் இருக்கான், எட்டு வயசு. பேர் வேண்டாம், இந்தப் பதிவுல வாண்டுன்னே வச்சுக்குவோம். "மாமா, நானும் கிரிவலம் வரேன்"னு ஒரே அடம். சரி வாடான்னு கூட்டிக்கிட்டுக் கிளம்பினேன். மலையைச் சுத்தி 14 கிலோமீட்டர். அவன் வயசுல நான் தாத்தா கையைப் பிடிச்சுக்கிட்டு முழுசா சுத்தியிருக்கேன், வழியில தூங்கி விழுந்துக்கிட்டே.

இந்திர லிங்கம் தாண்டினோம், அக்னி லிங்கம் தாண்டினோம். எம லிங்கம் வந்ததும் வாண்டு அப்படியே ஓரமா உட்கார்ந்துட்டான். மொத்தமே மூணு கிலோமீட்டர் வந்திருப்போம். முகமெல்லாம் சிவந்து, சட்டை நனைஞ்சு, புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு. தண்ணி வாங்கிக் கொடுத்து, "என்னடா, இதுக்கே இப்படியா?"ன்னு விளையாட்டாத்தான் கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ஸ்கூல்ல என்னை அண்டான்னு கூப்பிடறாங்க மாமா. நீயும் சொல்லாத"ன்னான்.

பொட்டில அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டோம்.

மறுநாள் அக்காவும் நானும் அவனைக் குழந்தை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். உயரம் 128 சென்டிமீட்டர், எடை 41 கிலோ. எட்டு வயசுப் பையனுக்கு சராசரி எடை 25 கிலோ பக்கம்தான். அதாவது கிட்டத்தட்ட 16 கிலோ அதிகம். ரேஷன் அரிசி 16 கிலோவை ஒரு பையில கட்டி முதுகுல போட்டுக்கிட்டு நீங்க கிரிவலம் போய்ப் பாருங்க, எம லிங்கம் வரைக்கும் வந்ததே சாதனைன்னு தோணும்.

டாக்டர் திட்டவே இல்லை. கேள்வியாத்தான் கேட்டாங்க. கர்ப்பமா இருந்தப்போ அக்காவுக்கு சுகர் இருந்துச்சா? இருந்துச்சு. பிறந்தப்போ எடை எவ்வளவு? அப்பா அம்மா எடை என்ன? எத்தனை மணிக்குத் தூங்கறான்? ஸ்கூலுக்கு எப்படிப் போறான்? சாப்பிடும்போது கையில போன் இருக்கா? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடறான்? கேட்டு முடிச்சதும் அக்கா முகத்தைப் பார்த்தேன், கோர்ட்டுல குற்றவாளிக் கூண்டுல நிக்கறவ மாதிரி நின்னா.

வீட்டுக்கு வந்தா எங்க தாத்தா வேற மாதிரி ஒரு தீர்ப்பு வச்சிருந்தார். "புள்ள நல்லா புசுபுசுன்னு இருக்கான். கண்ணு வைக்காதீங்கடா. நாங்க பட்டினி கிடந்து உங்களை வளர்த்தது இதுக்குத்தானே?" அப்போதான் எனக்கு உறைச்சது, இந்தக் கதையை 16 கிலோவுல ஆரம்பிக்கக் கூடாது, பட்டினியில ஆரம்பிக்கணும்னு. எங்க வீட்டுல நாலு தலைமுறையோட மதியச் சாப்பாட்டை வரிசையா வச்சுப் பார்த்தா தமிழ்நாட்டு வரலாறே வந்துடுது. வாங்க, கொசுவத்தியைச் சுத்துவோம்.

தாது வருஷம்

எங்க பக்கத்துல பெரியவங்க இன்னமும் "தாது வருஷத்துப் பஞ்சம் மாதிரி"ன்னு சொல்றதைக் கேட்கலாம். 1876 முதல் 1878 வரைக்கும் மெட்ராஸ் மாகாணத்தைப் போட்டுத் தாக்கின பஞ்சம். அப்போ திருவண்ணாமலை தென்னாற்காடு ஜில்லாவுல இருந்துச்சு. ரிச்சர்ட் டெம்பிள்னு ஒரு அதிகாரி 1877ல வந்து, நிவாரண வேலை செய்யற ஒரு ஆம்பளைக்கு நாள் கூலின்னு கிட்டத்தட்ட 450 கிராம் தானியமும் ஒரு அணாவும்னு நிர்ணயம் பண்ணார். நாள் பூரா கல் உடைக்கறவனுக்கு இது பத்தாதுன்னு மாகாணத்தோட சுகாதார கமிஷனரா இருந்த கார்னிஷ் சண்டை போட்டார். அந்தப் பஞ்சத்துல இந்தியாவுல செத்தவங்க எண்ணிக்கை, குறைச்சலா மதிப்பிட்டாலே, 55 லட்சம்.

இதுக்கும் வாண்டுவுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. நேரா கோடு போட்டு இதனாலதான் அதுன்னு சொல்ல முடியாது. ஆனா பட்டினி ஒரு தலைமுறையோட முடியற விஷயம் இல்லைங்கறதுக்கு வேற ஊர்ல ஆதாரம் இருக்கு. 1944-45 குளிர்காலத்துல ஜெர்மன் முற்றுகையால நெதர்லாந்துல பெரிய பஞ்சம். அப்போ தாய் வயித்துல ஆரம்ப மாசங்கள்ல இருந்த ஆண் குழந்தைங்க வளர்ந்து ராணுவத் தேர்வுக்கு வந்தப்போ, அவங்ககிட்ட உடல் பருமன் அதிகமா இருந்துச்சுன்னு 1976ல ஒரு ஆய்வு வந்தது. வயித்துல இருக்கும்போதே "வெளியில சோறு இல்லை, கிடைக்கறதைச் சேர்த்து வை"ன்னு உடம்புக்கு ஒரு செட்டிங் விழுந்துடுதோன்னு சந்தேகம். நம்ம பாஷையில சொன்னா, டீஃபால்ட் வேல்யூவைப் பஞ்ச காலத்துக்கு வச்சுட்டு, புரோகிராமை விருந்து வீட்டுல ஓட்டற மாதிரி.

நம்ம நாட்டுலயும் இதுக்குப் பக்கத்துல ஒரு கண்டுபிடிப்பு இருக்கு. புனேயில டாக்டர் யாஜ்னிக் குழு பிறந்த குழந்தைகளை அளந்து 2003ல வெளியிட்டாங்க. புனே குழந்தை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தை 3.5 கிலோ. எடை, தசை எல்லாம் நம்ம குழந்தைக்குக் கம்மி. ஆனா தோலுக்கு அடியில இருக்கற கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையலை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. அடுத்த வருஷம் அவரும் யுட்கின்னு ஒரு ஆங்கிலேய டாக்டரும் பக்கத்துல பக்கத்துல நின்னு ஒரு போட்டோ போட்டாங்க. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ 22.3. உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! இதனாலதான் நம்ம ஊர்க் குழந்தை டாக்டர்கள் சங்கம் 2015ல போட்ட வளர்ச்சி அட்டவணையில, பருமனோட எல்லைக் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி வச்சிருக்காங்க.

ஒரு அணா டிபன்

பட்டினியை விரட்டின கதையை நாம பெருமையா சொல்லிக்கலாம். 1920 செப்டம்பர் 16ம் தேதி, பிட்டி தியாகராயர் தலைமையில இருந்த சென்னை மாநகராட்சி ஒரு தீர்மானம் போட்டது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டிபன், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகாம. இன்னும் சில பள்ளிகளுக்கும் பரவி, 1925ல நின்னு போச்சு.

அப்புறம் காமராஜர். 1956ல ஆரம்பிச்ச மதிய உணவு, முதல்ல ஊர்க்காரங்க அரிசி, பருப்பு, காசுன்னு போட்டு நடந்தது. கல்வித்துறை இயக்குநரா இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராப் போய் இதை இழுத்துக் கட்டினவர். எங்க தாத்தா 1949ல பிறந்தவர், செங்கம் ரோட்டுல ஒரு கிராமம். காலையில கேழ்வரகுக் கூழ், அதுவும் இருந்தா. மூணு கிலோமீட்டர் நடந்து ஸ்கூல். மதியம் கிடைக்கற சோத்துக்காகவே போனேன்னு வெட்கப்படாம சொல்வார். சாயங்காலம் மாடு மேய்ச்சுட்டு, மல்லாட்டைக் கொல்லையில வேலை. (வெளியூர் நண்பர்களுக்கு: மல்லாட்டைன்னா நிலக்கடலை. எங்க பக்கம் அப்படித்தான்.) அவருக்கு உடற்பயிற்சிங்கற வார்த்தையே ராணுவத்துக்குப் போனவங்க சொல்லித்தான் தெரியும்.

அம்மா 1975ல பிறந்தவங்க. 1982 ஜூலை 1ம் தேதி திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வச்சப்போ அம்மா ரெண்டாம் வகுப்பு. கிராமத்துப் பள்ளிகள்ல முதல்ல வந்ததால அம்மாவும் அந்த முதல் செட்டு. அலுமினியத் தட்டை விளக்கி எடுத்துட்டுப் போறதும், சாம்பார் கொதிக்கற வாசனை வந்தா வாத்தியார் சொல்றது காதுல ஏறாததும் அம்மா அடிக்கடி சொல்ற கதை. சொல்லாம மறைச்ச கதை ஒண்ணு இந்தத் தடவைதான் வெளிய வந்தது. தட்டுல பாதி சோத்தைத் துணியில கட்டி வீட்டுல இருக்கற பாட்டிக்கு எடுத்துட்டுப் போவாங்களாம். "அன்னிக்கு நான் பாதி சாப்பிட்டேன்டா. அதான் இவன் தட்டுல பாதி வச்சுட்டு எழுந்தா எனக்கு மனசு ஆறாது"ன்னாங்க. வாண்டு வயிறு நிறைஞ்சுதுன்னு சொன்னாலும் அம்மா இன்னும் ரெண்டு வாய் ஊட்டறதோட காரணம் எனக்கு 28 வயசுலதான் புரிஞ்சது.

என் காலத்துல முட்டை. 1989ல கலைஞர் ஆட்சியில ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைன்னு ஆரம்பிச்சது, படிப்படியா ஏறி 2010ல வாரம் அஞ்சுன்னு ஆச்சு. 2001 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க ஆரம்பப் பள்ளிகள்ல சமைச்ச உணவு கொடுக்கணும்னு உத்தரவு போட்டது. நாம அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சுட்டோம். 2022 செப்டம்பர் 15ல மதுரையில ஸ்டாலின் காலை உணவையும் ஆரம்பிச்சு வச்சார். ஒரு அணா டிபன் தீர்மானத்துக்கு 102 வருஷம் கழிச்சு.

யாருக்கு எடை ஏறுச்சு?

இங்கதான் நான் தப்புக் கணக்குப் போட்டிருந்தேன். அரசாங்கம் இலவசமா சோறு போட்டுப் போட்டு குழந்தைங்க குண்டாயிட்டாங்கன்னு வாட்சப்புல சில பேர் பேசறாங்க இல்லையா? சென்னையில 51 பள்ளிகள்ல 18,955 பிள்ளைகளை அளந்து 2014ல வெளிவந்த ஆய்வைப் பாருங்க. அதிக எடையும் பருமனும் சேர்த்து, தனியார் பள்ளிகள்ல 21.4 சதவீதம். அரசுப் பள்ளிகள்ல 3.6 சதவீதம். சத்துணவு சாப்பிடற பிள்ளைங்க இல்லைங்க, ஃபீஸ் கட்டற பிள்ளைங்கதான்.

அதுக்கும் முன்னாடி 2002ல டாக்டர் ராமச்சந்திரன் குழு சென்னையில 13 முதல் 18 வயசு வரைக்கும் 4,700 மாணவர்களைப் பார்த்தாங்க. அதிக எடை பையன்கள்ல 17.8, பொண்ணுங்கள்ல 15.8 சதவீதம். வசதி கூடக் கூட எடை கூடுது, ஓட்டம் குறையக் குறைய எடை கூடுதுன்னு அப்பவே சொல்லிட்டாங்க.

என்ன மாறுச்சு? 1983ல ரெண்டு நிமிஷ நூடுல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. 1990ல பெப்சி, 1993ல கோக் திரும்பி வந்தது. 1995ல பாக்கெட் சிப்ஸ்ல பன்னாட்டு கம்பெனி இறங்குச்சு. 1993 ஏப்ரல்ல சன் டிவி. 2006ல அரசாங்கமே இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பிச்சது. அதே அரசாங்கம்தான் பிளஸ் ஒன் படிக்கறவங்களுக்கு சைக்கிளும் கொடுத்தது, அதையும் மறக்கக் கூடாது. 2007ல ரேஷன்ல மானிய விலையில பாமாயில். கேழ்வரகும் சாமையும் தட்டை விட்டு இறங்கி, மூணு வேளையும் வெள்ளை அரிசி. ஜவ்வாது மலைச் சாமை இப்போ எங்க ஊர்லயே ஆர்கானிக் கடையில ஸ்டைலான பாக்கெட்ல வருது, ஹிஹி.

இதுல எந்த ஒண்ணும் தனியா வில்லன் இல்லை. எங்க தலைமுறையில வீட்டுக்குள்ள டிவி வந்தாலும் வெளியில தெரு இருந்தது. வாண்டுவுக்கு வேன் இருக்கு, தெரு இல்லை. காலையில ஏழே காலுக்கு வேன், சாயங்காலம் அஞ்சுக்கு இறக்கி விடும், ஆறுக்கு டியூஷன். வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியட், அதையும் பரீட்சை வந்தா கணக்கு மிஸ் கடன் வாங்கிடறாங்களாம். உலக சுகாதார நிறுவனம் இந்த வயசுக்கு தினம் 60 நிமிஷம் ஓடியாடணும்னு சொல்லுது. வாண்டு வாரத்துக்கு 60 நிமிஷம் ஓடினா பெரிய விஷயம்.

தூக்கமும் அப்படித்தான். ஆறு முதல் 12 வயசு வரைக்கும் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேணும். குறைஞ்சா பசியைக் கட்டுப்படுத்தற ஹார்மோன்கள் தடுமாறும், இனிப்பு மேல ஆசை கூடும். எங்க வீட்டுல சீரியல் முடிஞ்சு பத்தரைக்கு சாப்பாடு, பதினொண்ணுக்குப் படுக்கை, ஆறுக்கு எழுப்பல். கூட்டிக் கழிச்சுப் பாருங்க.

சுகர் விஷயமும் சொல்லணும். கர்ப்பத்துல அம்மாவுக்கு சர்க்கரை கட்டுக்குள்ள இல்லைன்னா, பிள்ளைக்குப் பின்னாடி எடை கூடற வாய்ப்பு அதிகம். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சர்க்கரை பரிசோதனைன்னு 2007லயே உத்தரவு போட்டது தமிழ்நாடு. அக்காவுக்கும் அப்படித்தான் தெரிஞ்சது. பிரசவம் ஆனதும் "சரியாயிடுச்சு"ன்னு எல்லாரும் மறந்துட்டோம்.

என் பங்கு

இதுவரைக்கும் வரலாறு மேல பழி போட்டாச்சு. இப்போ என் பேர்ல.

2020 மார்ச்சுல பள்ளிகள் மூடினப்போ வாண்டுவுக்கு மூணு வயசு. சின்ன வகுப்புகள் திறக்க 2021 நவம்பர் ஆச்சு. அந்த நேரத்துல குழந்தை சாப்பிட மாட்டேங்குதுன்னு அக்கா புலம்பினப்போ, "பாட்டுப் போட்டுக் காட்டு, வாயைத் திறப்பான்"னு ஐடியா கொடுத்தது சாட்சாத் அடியேன். அப்புறம் டேப்லெட் வாங்கிக் கொடுத்ததும் நானே. திரையைப் பார்த்துக்கிட்டே சாப்பிடற பிள்ளைக்கு வயிறு நிறைஞ்ச சேதி மூளைக்குச் சரியாப் போறதில்லை. போதாக்குறைக்கு மாசா மாசம் பஸ்ஸுல இறங்கும்போது ஒரு பெரிய கவர் நிறைய பாக்கெட்டும் கலர் பாட்டிலும். "மாமா வந்தாச்சு!"ன்னு அவன் ஓடி வர்றது எனக்காகன்னு நினைச்சுட்டு இருந்தேன் :( 250 மில்லி கலர் பாட்டில்ல சுமார் 26 கிராம் சர்க்கரை, ஆறு ஸ்பூனைத் தொடும். அவன் வயசுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம் பக்கத்துலயே நின்னுட்டா நல்லது. ஒரே பாட்டில்ல அந்தக் கணக்கு முடிஞ்சு போச்சு.

சட்டம் இல்லாம இல்லை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் அதிகமான பண்டங்களைப் பள்ளிக்கூடத்துக்குள்ளயும் வாசல்லேர்ந்து 50 மீட்டருக்குள்ளயும் விக்கக் கூடாதுன்னு 2020ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. 2025ல சி.பி.எஸ்.இ. பள்ளிகள்ல சர்க்கரை அளவைக் காட்டற போர்டு வைக்கச் சொன்னாங்க. ஆனா கவரைத் தூக்கிட்டு வீட்டுக்குள்ளயே வர்ற மாமனை எந்த விதி தடுக்கும்?

2025 செப்டம்பர்ல யுனிசெஃப் ஒரு கணக்கு சொன்னது. 5 முதல் 19 வயசுக்காரங்கள்ல உலக அளவுல பருமன் 9.4 சதவீதம், எடைக் குறைவு 9.2 சதவீதம். வரலாற்றுல முதல் தடவையா பருமன் முந்திடுச்சு. நம்ம மாநிலத்துல இது ரெண்டும் ஒரே வீட்டுல குடியிருக்கு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுப் பெண்கள்ல 40.4 சதவீதம் பேர் அதிக எடை. அஞ்சு வருஷம் முன்னாடி 30.9. அதே ஆய்வுல பாதிக்கு மேல பெண்களுக்கு ரத்த சோகை, அஞ்சு வயசுக்குக் கீழ நாலுல ஒரு குழந்தைக்கு வயசுக்கேத்த உயரம் இல்லை. அதனால "சத்துணவை நிறுத்து"ன்னு யாராவது இந்தப் பதிவை எடுத்துக்கிட்டுப் போனா நான் பொறுப்பில்லை. முட்டையும் பருப்பும் பிரச்சினை இல்லைங்க.

டாக்டர் சொன்னது இதுதான். பட்டினி போடாதீங்க. எடையைக் குறைக்கறது இப்போ குறி இல்லை, இதுக்கு மேல ஏறாமப் பார்த்துக்கிட்டா உயரம் வளர வளர சரியாகிட்டு வரும். அவனுக்கு மட்டும் தனி தட்டு வைக்காதீங்க, வீடே மாறணும். முக்கியமா, குண்டுங்கற வார்த்தை வீட்டுக்குள்ள வரக் கூடாது.

தாத்தாகிட்ட இதையெல்லாம் எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சேன். பி.எம்.ஐ எல்லாம் அவர்கிட்ட எடுபடாது. "தாத்தா, உங்க பேரன் எம லிங்கத்துலயே உட்கார்ந்துட்டான்"னு மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு, "நாளையிலேர்ந்து சாயங்காலம் அவனை என்கூட அனுப்பு. மல்லாட்டை வேகவச்சுக் குடு, போதும்"னார். 76 வயசு அவருக்கு.

போன வாரம் அக்கா போன் பண்ணா. தாத்தாவும் வாண்டுவும் தினம் சாயங்காலம் நடக்கறாங்களாம், டியூஷனை நிறுத்தியாச்சாம். இதுக்கு அக்கா வீட்டுக்காரர் ரெண்டு நாள் பேசலையாம். எடை? அப்படியேதான் இருக்கு, 41. ஸ்கூல்ல இன்னமும் அண்டான்னுதான் கூப்பிடறாங்களாம். அக்கா போய் மிஸ்கிட்ட பேசியிருக்கா. பார்ப்போம்.

அடுத்த பௌர்ணமிக்கு ஊருக்குப் போறேன். வாண்டு போன்ல சொல்லிட்டான், "மாமா, இந்தத் தடவை நிருதி லிங்கம் வரைக்கும்." கவர் எதுவும் வாங்கிட்டுப் போகப் போறதில்லை. ஓடி வர்றானான்னு பார்க்கணும்.

பி.கு: உங்க வீட்டுப் பிள்ளைங்க எத்தனை மணிக்குத் தூங்கறாங்க, சாயங்காலம் எங்க விளையாடறாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. உங்க தாத்தா பாட்டியோட மதிய உணவுக் கதை இருந்தா தனிப் பதிவாவே போடுங்க, வந்து படிக்கிறேன்.